விதி அல்ல, துரு!

2017ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் இரவு. தில்லிப் பட்டணம் உறங்கிக்கொண்டிருந்த வேளையில் பிரகதி மைதானத்தில் இடிக்கும் இயந்திரங்கள் உறுமின. பொழுது புலர்ந்தபோது, 'ஹால் ஆஃப் நேஷன்ஸ்' என்று உலகம் அழைத்த நாடுகளின் மண்டபம், நொறுங்கிய கான்கிரீட்டும் முறுக்கிய கம்பியுமாகத் தரையிலே கிடந்தது. வரைந்தவர் வாதாடினார், அறிந்தவர்கள் முறையிட்டனர், வழக்கு மன்றத்தின் கதவையும் தட்டினர். பயன்? ஓர் இரவு! ஒரே இரவு! நாற்பத்தைந்து ஆண்டு நிமிர்ந்து நின்றதை ஓரிரவில் சாய்த்தனர்.

யார் கட்டிய மண்டபம் அது? முடிமன்னன் கட்டியதா? மோட்சம் தேடிச் சீமான் ஒருவன் எழுப்பியதா? இல்லை. வெள்ளையன் வெளியேறி 25 ஆண்டு நிறைந்ததைக் கொண்டாட, 1972ஆம் ஆண்டில் நடந்த ஆசிய வணிகப் பொருட்காட்சிக்காக எழுந்தது அது. ராஜ் ரேவல் வரைந்தார். பொறியாளர் மகேந்திர ராஜ் கணக்கிட்டார். இப்படிப்பட்ட பெருங்கூட்டை வளம் பெருத்த நாடுகளில் உருக்குக் குழாய்களால் பின்னுவார்கள். அன்று நம் நாட்டில் உருக்கு எளிதில் கிடைக்கும் பொருளா? எனவே கான்கிரீட்டிலேயே பின்னினார்கள். ஒவ்வொரு குறுக்குத் தண்டுக்கும் சென்ட்ரிங் பலகை அடித்து, கம்பி கட்டி, கலவையைக் கையால் ஏற்றி ஊற்றினார்கள். நடுவிலே ஒரு தூண் இல்லை! இல்லாமையிலே இருந்து எழுந்த இறுமாப்பு அது. ஏழை நாட்டின் ஏறுநடை அது!

நியூயார்க் நகரத்து நவீனக் கலைக் காட்சியகம், 2022இல் தெற்காசியக் கட்டடக் கலைக்கெனக் கண்காட்சி ஒன்று நடத்தியது. அந்த மண்டபத்தின் பெருமை அங்கே பேசப்பட்டது. அமெரிக்காவில் அதன் உருவம் காட்சிக்கு. தில்லியில் அதன் உடல் குப்பைக்கு! பெற்ற தாய் பிச்சை எடுக்க, அவள் படத்துக்கு அயலூரில் மாலை விழுந்ததாம். அந்தக் கதைதான் இது.

இடித்ததற்கு என்ன சமாதானம் சொன்னார்கள்? புதிய மாநாட்டு வளாகம் வேண்டுமாம். வேண்டாம் என்று யார் சொன்னது? எழுப்பினார்கள், 2023இல் திறந்தும் வைத்தார்கள். பழையது ஓர் ஓரத்தில் நின்றிருந்தால் புதியதற்கு என்ன இழுக்கு? "மரபுச் சின்னம் என்று காப்பாற்றக்கூடாதா?" என்று கேட்டபோது கிடைத்த விடைதான் விந்தையிலும் விந்தை. 60 ஆண்டு நிறையாத கட்டடத்தை மரபுச் சின்னமாகக் கருத இயலாது என்று தில்லியின் மரபுச் சின்னப் பாதுகாப்புக் குழு கையை விரித்தது. அதாவது, மணிவிழா கண்டால்தான் மரியாதை! 45 வயதிலே கொல்லலாம். 60 வயது வரை பிழைத்திருந்தால் பொன்னாடை போர்த்தலாம்! 60க்கு முன்பே கொன்றுவிட்டால் 60 எப்படி நிறையும் என்று கேட்க அங்கே ஆளில்லை. 1958ஆம் ஆண்டின் தொல்சின்னச் சட்டமோ 100 ஆண்டு கேட்கிறது. விடுதலை பெற்ற நாடு தன் கையால் கட்டிய எந்தக் கட்டடத்துக்கும் இன்னும் 100 ஆண்டு நிறையவில்லை. வெள்ளையன் கட்டியதற்கு வேலி உண்டு. மன்னன் கட்டியதற்கு மதில் உண்டு. மக்களாட்சி கட்டியதற்கு மட்டும் மண்வாரி இயந்திரம்!

ஆனால், இந்த ஏடு இன்று எழுதவந்தது அந்த ஒரே இரவைப் பற்றி மட்டுமல்ல. இயந்திரம் வந்து இடிப்பது ஊருக்குத் தெரியும். உரத்த ஓசை கேட்கும். நாலு பேர் எதிர்த்து எழுவார்கள். ஓசையே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் இடிக்கும் இன்னொரு இயந்திரம் இருக்கிறது. அதன் பெயர் அலட்சியம். சண்டிகர் முதல் அகமதாபாத் வரை, 1950களிலும் 1960களிலும் பூச்சுப் பூசாமல் கான்கிரீட்டை அப்படியே காட்டிக் கட்டிய கட்டடங்கள் இன்று அந்த இயந்திரத்தின் வாயிலே நிற்கின்றன. அங்கே கான்கிரீட் உதிர்ந்து கம்பி வெளியே பல்லிளிக்கிறது. பார்த்தவர்கள் சொல்கிறார்கள்: "வயதாகிவிட்டது, என்ன செய்ய? அதன் விதி அவ்வளவுதான்!"

விதி! எங்கே திரும்பினாலும் இந்தச் சொல்! குழந்தை இறந்தால் விதி, கூரை இடிந்தால் விதி, கும்பி காய்ந்தால் விதி. மனிதனின் தலையில் எழுதியது போதாதென்று, இப்போது கான்கிரீட்டின் தலையிலும் எழுதத் தொடங்கிவிட்டார்கள். நாம் கேட்கிறோம்: காரணம் இல்லாமல் காரியம் உண்டா? கம்பி வெளியே தெரிகிறது என்றால், அதற்குக் காரணம் இருக்க வேண்டுமல்லவா? இருக்கிறது. ஆய்வுக்கூடத்துக்குப் போனால் கண்ணாலேயே காணலாம்.

கான்கிரீட் என்பது என்ன? சிமெண்ட், மணல், ஜல்லி, தண்ணீர் – நான்கும் சேர்ந்த கலவை. நசுக்கினால் தாங்கும், இழுத்தால் விரிசல் விடும். அந்த இழுப்பைத் தாங்கத்தான் உள்ளே இரும்புக் கம்பி. கம்பி கான்கிரீட்டுக்கு வலிமை தருகிறது. கான்கிரீட் கம்பிக்குக் காவல் நிற்கிறது. எப்படிக் காவல்? சிமெண்ட்டிலே காரத்தன்மை மிகுதி. அந்தக் காரம் இரும்பின்மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் ஒன்றைப் போர்த்தி வைக்கிறது. படலம் இருக்கும்வரை துரு அண்டாது.

ஆண்டுகள் ஓடுகின்றன. காற்றிலே இருக்கும் கரியமில வாயு, கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே மெல்ல மெல்ல உள்ளே நுழைந்து காரத்தைக் கொல்கிறது. கடலோரமானால் உப்பு நுழைகிறது. கலவையிலே உப்பு மணலைக் கலந்துவிட்டாலோ, பகைவனை நாமே வீட்டுக்குள் குடிவைத்த கதை! படலம் கிழிகிறது. ஈரமும் காற்றும் கம்பியைத் தீண்டுகின்றன. துரு பிடிக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்கு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். இடம் இல்லாத இடத்தில் இடம் கேட்டால் என்ன ஆகும்? கான்கிரீட் வெடிக்கும், விரிசல் விடும், சில்லாகப் பெயர்ந்து விழும். உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத் தாழ்வாரத்திலும், மாடிப்படியின் அடிப்பக்கத்திலும் நீங்கள் நாள்தோறும் பார்ப்பது இதைத்தான். விதி அல்ல நண்பர்களே, துரு! துருவுக்கு மருந்து உண்டு. விதி என்று பேசுகிற வாய்க்குத்தான் மருந்து இல்லை!

நோய் தெரிந்ததும் நம் அலுவலகத்தார் செய்யும் மருத்துவம் என்ன? ஒப்பந்தக்காரரை அழைப்பார்கள். உதிர்ந்த இடத்திலே சிமெண்ட் கலவையை அப்புவார்கள். அதன்மேல் வெள்ளையோ மஞ்சளோ அடிப்பார்கள். அமைச்சர் வருகிறார் என்றால் அவசரப் பூச்சு! உள்ளே துருப்பிடித்த கம்பி அப்படியே இருக்கிறது. புண்ணைக் கழுவாமல் புதுச் சட்டை போட்டால் புண் ஆறுமா? அடுத்தடுத்த மழைக்காலத்தில் அப்பியதும் விழும். அருகே நன்றாக இருந்ததையும் இழுத்துக்கொண்டு விழும். உடனே, "பார்த்தீர்களா, பழுது பார்த்தும் பயனில்லை, இடித்துவிடலாம்" என்று கோப்பு எழுதுவார்கள். நோயாளியைக் கொன்றது நோயா, மருத்துவமா?

சரியான மருத்துவம் எது? முதலில் சோதனை. சுத்தியலால் தட்டிப் பார்ப்பது: கணீர் என்றால் நலம், பொத்தென்றால் உள்ளே பிளந்திருக்கிறது. புதிதாக உடைத்த முகத்தில் பினால்ப்தலீன் கரைசலைத் தெளிப்பது: காரம் உள்ள இடம் இளஞ்சிவப்பாகும், காரம் செத்த இடம் நிறம் மாறாமல் நிற்கும். பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்திலே நம் பிள்ளைகள் செய்கிற சோதனைதான்! கம்பிக்கு மேலே எத்தனை மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்கிறது, உப்பு எந்த ஆழம்வரை போயிருக்கிறது, எந்தக் கம்பி இப்போது துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது – இத்தனையும் கருவி வைத்து அளந்து அறிய முடியும். அறிந்த பிறகுதான் உளியை எடுக்க வேண்டும்.

பிறகு சிகிச்சை. கெட்ட கான்கிரீட்டைக் கம்பியின் பின்பக்கம் வரை வெட்டி எடுக்க வேண்டும். கம்பியைப் பளபளவென்று துலக்க வேண்டும். தேய்ந்து மெலிந்திருந்தால் பக்கத்திலே புதுக் கம்பி சேர்க்க வேண்டும். பின்னர், பழைய கான்கிரீட்டோடு ஒத்துப்போகும் கலவையால் நிரப்பி, பல நாள் ஈரம் காத்து ஆற்ற வேண்டும். வலிமை மிகுந்தது நல்லது என்று நினைத்து மிகக் கடினமான கலவையை அடைத்தால், அது பழையதோடு ஒட்டி வாழாது. உப்பேறிய இடமானால் எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும். ஓட்டையை மட்டும் அடைத்தால், ஒட்டுக்கு வெளியே பழைய கான்கிரீட்டில் இருக்கும் கம்பி முன்னைவிட விரைந்து துருப்பிடிக்கும். அங்கே துத்தநாகத் துண்டுகளைக் கம்பியோடு இணைத்துப் புதைக்கிறார்கள். துத்தநாகம் தான் தேய்ந்து இரும்பைக் காக்கிறது. தன்னை அழித்துப் பிறரைக் காக்கும் தியாகம் உலோகத்துக்குத் தெரிகிறது, உயர் பதவிகளில் இருப்பவர்களுக்குத்தான் தெரியவில்லை!

பூசிய சுவரானால் வேலை இத்தோடு முடிந்தது. பூசாத கான்கிரீட்டுக்கு இன்னொரு பாடு உண்டு: ஒட்டுப் போட்டது கண்ணை உறுத்தக்கூடாது. பழைய மணலின் நிறம், ஜல்லியின் நிறம், சிமெண்ட்டின் நிறம் மூன்றையும் பொருத்த வேண்டும். பலகையின் மரரேகை பதிந்த சுவரானால், அதே அகலப் பலகையை வைத்து அந்த ரேகையை மீண்டும் எடுக்க வேண்டும். முதலில் ஓரத்தில் மாதிரித் துண்டுகள் செய்து, அவை காய்ந்து நிறம் நிலைக்கும்வரை காத்திருந்து, பகல் வெளிச்சத்தில் பழையதோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பெரிய வேலையில் கைவைக்க வேண்டும். "இதற்கு இத்தனை பாடா? ஒரேயடியாகப் பெயிண்ட் அடித்துவிட்டால் ஆயிற்று!" என்பார் சிலர்.

ஆகாது! ஏன் ஆகாது என்பதற்குத்தான் சண்டிகரைக் காட்டுகிறோம். நாடு துண்டாடப்பட்டு லாகூர் பாகிஸ்தானுக்குப் போனபின், பஞ்சாபுக்குத் தலைநகராக வெட்டவெளியில் எழுந்த ஊர் அது. பிரெஞ்சு நாட்டின் லெ கொர்புசியே வரைந்தார். உயர்நீதிமன்றம் 1955இல் திறக்கப்பட்டது. தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் அடுத்தடுத்து எழுந்தன. வரைந்தவர் பெயர் உலகுக்குத் தெரியும். சுமந்தவர் பெயர்? அந்த மாபெரும் கட்டடங்களுக்குக் கலவையைத் தூக்கிச் சென்றவர்கள் சித்தாள் பெண்கள்! தலையிலே இரும்புச் சட்டி, காலடியிலே சரிவுச் சாரம், நாளெல்லாம் நடை. ஒவ்வொரு தளமும் சட்டி சட்டியாக மேலே ஏறியது.

பூசாத கான்கிரீட்டின் சிறப்பே இதுதான். தச்சர் அடித்த பலகையின் கோடும் ஆணியின் தடமும், ஒருநாள் ஊற்றியதற்கும் மறுநாள் ஊற்றியதற்கும் இடையே விழுந்த வரியும் அதிலே அப்படியே நிற்கின்றன. மன்னன் தன் பெயரைக் கல்வெட்டிலே வெட்டச் சொன்னான். உழைப்பாளிக்குக் கல்வெட்டு ஏது? இந்தச் சுவர்தான் அவன் கல்வெட்டு! இந்தச் சுவர்தான் அவள் கையெழுத்து! அதன்மேல் பெயிண்ட் அடிப்பது, அந்தக் கையெழுத்தை அழிப்பதாகும். அரிதாரம் பூசினால் அழகு என்று நம்புவோர் நாடகக் கொட்டகைக்குப் போகட்டும்!

சண்டிகரின் தலைமைக் கட்டடத் தொகுதியை 2016இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. 60 ஆண்டும் நிறையாத கட்டடங்கள் அந்தத் தொகுதியில் இருந்தன. உலகம் வயதைக் கேட்கவில்லை, தகுதியைக் கேட்டது. சண்டிகரின் அரசு அருங்காட்சியகத்துக்கு 2017இலும், அகமதாபாத்தில் சார்லஸ் கொரியா வரைந்த சர்தார் படேல் விளையாட்டரங்குக்கு 2020இலும், அமெரிக்காவின் கெட்டி அறக்கட்டளை பாதுகாப்புத் திட்டம் வகுக்கப் பணம் தந்தது. அந்த விளையாட்டரங்கின் மடிப்பு மடிப்பான கான்கிரீட் கூரைக்குக் கணக்கிட்டவர் யார்? அதே மகேந்திர ராஜ்! இளம் பொறியாளராகச் சண்டிகரில் பணியைத் தொடங்கி, அகமதாபாத்தில் வளர்ந்து, தில்லியில் முடிசூடியவர். தாம் எழுப்பிய மண்டபம் இடிந்ததைக் கண்ணால் கண்டு, 2022இல் மறைந்தார். கட்டடத்தைப் பேண அயலூர் அறக்கட்டளை பணம் தருகிறது. இடிக்க மட்டும் நம் கருவூலம் திறக்கிறது! வெட்கம் என்ற சொல்லுக்கு இதைவிட விளக்கம் வேண்டுமா?

"கடல் காற்றும் வெயிலும் மழையும் உள்ள நாட்டிலே பூசாத கான்கிரீட் நிலைக்காது" என்று வாதிடுவோரைப் புதுவைக்கு அழைக்கிறோம். அங்கே கோல்கொண்டா என்றொரு விடுதி. அரவிந்தர் ஆசிரமத்தாருக்காக ஆன்டனின் ரேமண்ட் வரைந்து, ஜார்ஜ் நாகாஷிமா உடனிருந்து கட்டியது; 1930களின் இறுதியில் தொடங்கி 1940களில் முடிந்தது. சண்டிகருக்கு மூத்த பூசாத கான்கிரீட் அது. வங்கக் கடலின் உப்புக் காற்று வீசும் ஊர். ஐப்பசி கார்த்திகை மழை அடிக்கும் ஊர். இன்றும் நிற்கிறது, நிமிர்ந்து நிற்கிறது! எதனால்? அங்கே குடியிருப்போர் அன்றாடம் துடைக்கிறார்கள், பழுதைப் பெரிதாக விடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஆசிரமத்தாரின் ஆன்மிகத்துக்கும் நமக்கும் நெடுந்தொலைவு. ஆனால், அந்தக் கட்டடத்தைக் காப்பது தியானம் அல்ல, துடைப்பம்! அந்தத் துடைப்பத்துக்கு நம் வணக்கம்!

நம் நாட்டிலே இந்த முறை தெரியாததல்ல. கோயிலுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்பார்கள். சடங்கை விலக்கிவிட்டுப் பாருங்கள்: எஞ்சுவது ஒரு நல்ல பராமரிப்பு ஏற்பாடு. காலக்கெடு வைத்து, ஊர் கூடி, பொருள் திரட்டி, பழுது பார்க்கும் ஏற்பாடு. ஆண்டவன் குடியிருப்பதாகச் சொல்லும் கட்டடத்துக்கு அந்த ஏற்பாடு உண்டு. மக்கள் குடியிருக்கும், மக்கள் கற்கும், மக்களுக்கு நீதி வழங்கும் கட்டடத்துக்கு ஏன் இல்லை?

"ஏழைக்கு வீடில்லாதபோது பழைய கான்கிரீட்டுக்குச் செலவா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, நேரான விடை தருகிறோம். ஆண்டுதோறும் மழைநீர்க் குழாயை அடைப்பெடுப்பதற்கு ஆகும் செலவு சிறிது. அதைச் செய்யாமல் விட்டு, நீர் தேங்கி ஊறி, கம்பி துருப்பிடித்து, உத்தரத்தையே மாற்றுவதற்கு ஆகும் செலவு பெரிது. சேமிப்பு என்ற பெயரில் நடப்பது ஊதாரித்தனம். மேலும், உலகில் மனிதர் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 8 விழுக்காடு சிமெண்ட் ஆலைகளால் விளைவது. நிற்பதை இடித்துப் புதிதாக ஊற்றுவது, காற்றுக்கும் கடன் ஏற்றுவதாகும். பூசாத கான்கிரீட்டிலே கற்ற இந்த மருத்துவம், நாளை ஏழையின் அடுக்குமாடி வீட்டுக்கும் அரசுப் பள்ளிக்கூடத்துக்கும் அதே மருத்துவம். சட்டமன்றத்துக்கு ஒரு துரு, குடிசை மாற்றுக் குடியிருப்புக்கு வேறு துரு என்று இயற்கை வேற்றுமை பார்ப்பதில்லை.

"இடிந்து விழுந்து உயிர் போனால்?" என்பது அடுத்த கேள்வி. உயிரைவிடக் கட்டடம் பெரிது என்று நாம் சொல்லவில்லை, ஒருநாளும் சொல்லமாட்டோம். ஆபத்தென்றால் ஆளை வெளியேற்று, முட்டுக் கொடு, சோதி. சோதித்த பின்னும் காக்க வழியில்லை என்றால், அந்தச் சோதனைத் தாளை ஊரறிய வெளியிடு. அதன் பிறகு இடி. நாம் எதிர்ப்பது இடிப்பதை அல்ல. சோதிக்காமல் இடிப்பதை, சொல்லாமல் இடிப்பதை, இரவோடு இரவாக இடிப்பதை!

எனவே, ஒன்றிய அரசையும் மாநில அரசுகளையும் கேட்கிறோம். விடுதலைக்குப் பின் மக்கள் வரிப்பணத்தில் எழுந்த சிறந்த கட்டடங்களுக்கு, வயது பாராமல் தகுதி பார்த்துப் பாதுகாப்பு வேண்டும். ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் அவற்றின் கூரையும் குழாயும் சோதிக்கப்பட வேண்டும். பழுது வேலையின் ஒப்பந்தத்திலே, குறைந்த விலை சொன்னவருக்கே வேலை என்ற குருட்டு விதியை நீக்கி, மாதிரித் துண்டு செய்து காட்டித் தேறியவருக்கே வேலை என்று எழுத வேண்டும். இந்தக் கைத்திறனை நம் கொத்தனாருக்கும் கம்பி கட்டுவோருக்கும் சித்தாளுக்கும் முறையாகக் கற்பித்து, திறனுக்கேற்ற கூலியும் தர வேண்டும். அவர்களின் பாட்டிமார் சுமந்து ஏற்றிய கட்டடத்தை, அவர்களின் கைகளே காக்கட்டும்!

நாடுகளின் மண்டபம் போனது போயிற்று. அழுது அதை எழுப்ப முடியாது. ஆனால், சண்டிகரும் அகமதாபாத்தும் இன்னும் நிற்கின்றன. அங்கே இந்த நேரத்திலும் எங்கோ ஒரு கம்பியில் துரு ஏறிக்கொண்டிருக்கிறது. அது தில்லியின் கோப்பு நகரும் வரை காத்திருக்காது. கேட்பாரற்றுக் கிடந்தால் கட்டடம் மட்டுமா சாயும்? உழைத்தவனின் கையெழுத்தும் சேர்ந்து சாயும்!

விதி என்று சொல்லி விலகிப் போவோர் போகட்டும். துரு என்று தெரிந்தவர்கள் துலக்க வாருங்கள்!